குழப்பம் ஒண்ணும் இல்ல

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை போகிற ரோட்டில், மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. நாகஜோதி அங்கே பதினாலு வருஷமாக மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறாள். நூறு கன்று கட்டினால் தொண்ணூறுக்குக் குறையாமல் துளிர்க்கும். வேறு யார் கட்டினாலும் அறுபது தேறினால் பெரிய காரியம். அவள் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. எல்லோர் கையும் மாதிரி அதுவும் காய்ப்புக் காய்த்த கைதான், வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது.

விசேஷம் அவளுடைய பொறுமையில் இருந்தது. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, காசாலட்டு ரக மாமரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவாள். குச்சி ஐஸ் ஊற்றுகிற நீளப் பை இருக்கிறதே, அதை அதன் தலையில் கவிழ்த்து விடுவாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தோரு நாளைக்கு யாரும் தொடக்கூடாது. பைக்குள் ஆவி படிந்து உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் ஆசை தாங்காமல் பையைத் தூக்கிப் பார்ப்பார்கள். நாகஜோதி கண்ணில் பட்டால் தொலைந்தார்கள்.

"ஏத்தா, வகுத்துப் பிள்ளைய நாளைக்கு நாலு தரம் தெறந்தா பாத்த? கைய எடு!" என்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் பொறுமை சொன்னவளைத்தான் ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை தேனியில் ஒரு ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள்.

இரண்டு மாசமாகவே அடிவயிற்றின் வலது பக்கம் ஒரு கனம். மண்கூடை தூக்கும்போது இழுத்துப் பிடிக்கும். தீட்டும் தாறுமாறாக வந்தது. முப்பத்தொன்பது வயசில் இதெல்லாம் சகஜம் என்று அவள் பாட்டுக்கு இருந்தாள். கூட வேலை பார்க்கும் ரீட்டாதான் விடவில்லை. "நீ போறியா, இல்ல நான் ஒன்னத் தூக்கி வண்டில போடவா?" என்று நின்றாள்.

டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலது பக்கச் சினைப்பையில ஒரு கட்டி இருக்கும்மா. எலுமிச்சம்பழ அளவு. நீர்க்கட்டியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா ஒரு இடத்துல மட்டும் படம் கொஞ்சம் குழப்பமா இருக்கு. இது சாதாரணக் கட்டியா, மோசமான கட்டியான்னு உறுதியாச் சொல்ல முடியல. படத்த மதுரைக்கு அனுப்புறேன். ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. மண்கூடை எதையும் தூக்காதீங்க. நாலஞ்சு நாள்ல குழப்பம் தீந்துரும்."

இந்த ஸ்கேன்காரர்கள் முன்னே பழக்கடை வைத்திருந்தார்களோ என்னவோ, எந்தக் கட்டியானாலும் பழத்தில்தான் அளக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னமனூரில் இருந்த அக்காவுக்கும் முதலில் எலுமிச்சை என்றுதான் சொன்னார்கள். பிறகு கொய்யா என்றார்கள். தேங்காய் என்று சொன்ன மாசத்தில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். நாகஜோதிக்கு அன்றிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கண்டால் ஆகாது.

நெற்றியில் சந்தனம் வைத்த நர்ஸ் பெண்ணிடம் ரத்தம் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, புருஷன் விஜயபாண்டி வேப்பமரத்தடியில் தன் குட்டியானை வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான். "பொம்பளைக எடம், எனக்கு அங்கன என்ன சோலி?" கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை அவள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். கேட்டுவிட்டு, "ம்" என்றான். பிறகு, "ஏய், ஏறு" என்றான்.

விஜயபாண்டி கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மாங்காயும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஓடுவான். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு வயசாகிவிடும். பெண்டாட்டியைக் கூப்பிட அவனிடம் மூன்றே சொல்தான் இருந்தது. வீட்டில் 'ஏய்', வெளியில் 'இந்தா', கோபம் வந்தால் 'ஏ கழுத'. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. நாகஜோதி என்று ஒரு பெயர் அவளுக்கு இருப்பது ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியுமோ என்னவோ!

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். பண்ணையின் கூரை பச்சை வலை. வெயில் அதற்குள் நுழைந்து வரும்போது பச்சையாகி, ஆள், செடி, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். ஆடிக் காற்று வலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மலையிலிருந்து மேகம் தோப்புவரைக்கும் இறங்கி, கொஞ்சம் சாரலைத் தெளித்துவிட்டுத் திரும்பி ஏறிப்போனது. நாகஜோதி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது.

அன்றைக்கு அவள் கட்டியதில் பத்துக் கன்றுக்கு மட்டும் சிவப்பு நூல் சுற்றி வைத்தாள். பத்தும் துளிர்த்தால் எனக்கு ஒன்றும் இல்லை, ஒன்று கருகினாலும் இருக்கிறது. இப்படி மனசுக்குள் ஒரு பந்தயம். கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, டாக்டர் சொன்னது ஐந்து நாள், செடி கேட்பது இருபத்தோரு நாள். பந்தயம் கட்டக்கூடத் துப்பில்லை பார் என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள். நூலை மட்டும் அவிழ்க்கவில்லை.

புதன்கிழமைக்குள் அவள் உள்ளே இருப்பவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். பயந்து பயந்து சலித்துப்போனதால் வந்த பேச்சு அது. கேட்காமல் குடிவந்த ஒருத்தி வலது பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டாள். பச்சை வெளிச்சத்தில் கை தானாகச் சீவும், பிளக்கும், செருகும், கட்டும். மனசு கதவைத் தட்டும். 'இந்தாம்மா, நீ யாரு? எந்த ஊரு? இருந்துட்டுப் போற ஆளா, வீட்டையே இடிக்க வந்த ஆளா?' உள்ளேயிருந்து பதில் வராது. சில நேரம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அது அவள் காலையில் சாப்பிடாமல் வந்த வயிறு.

"ஏடி, பட்டப்பகல்ல கண்ண முழிச்சிக்கிட்டே தூங்குற" என்றாள் ரீட்டா.

"தூங்கல. பேசிக்கிட்டு இருக்கேன்."

"யார்கூட?"

"குடியிருக்கவகூட."

ரீட்டா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தூக்குவாளியைத் திறந்து இரண்டு இட்லியை அவள் வாயில் திணித்தாள். ரீட்டாவின் பாசம் அப்படித்தான், வலிக்கிற மாதிரி இருக்கும். அவள் இராயப்பன்பட்டிக்காரி. சின்ன வயசில் கம்பம் மெட்டு ஏறுகிற ஜீப்பில் தொங்கிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போனவள். வாக்கப்பட்டுப் பெரியகுளம் வந்த பிறகுதான் மாமரத்தைத் தொட்டாள். இப்போதும் காலில் முள் குத்தினால் "யேசுவே" என்பதும் "அய்யோ அம்மே" என்பதும் சேர்ந்து வரும்.

வியாழன் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விஜயபாண்டி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை. பைக்குள் கம்பத்துப் பன்னீர் திராட்சை. அதை அவனே கழுவி, அவனே தட்டில் வைத்து, அவள் முன்னால் நீட்டினான்.

"ஜோதி, சாப்புடு" என்றான்.

அவள் தட்டை வாங்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் எழுந்து வருவதற்குள் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. தேய்த்த லட்சணம் வேறு, ஒரு சட்டியில் சோப்பு நுரை அப்படியே காய்ந்து கிடந்தது. இந்த வீட்டில் அடுக்களைப் பக்கம் அவன் தலை தெரிந்ததே கிடையாது. பத்து மணிக்கு மகள் சுபாஸ்ரீ மதுரையிலிருந்து போன் பண்ணினாள். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு? நேத்து போன் பண்ணி, 'நல்லாப் படி தாயி, அம்மாகிட்ட தெனமும் பேசு'ன்னு அழுகுற மாதிரி பேசுனாரு. அவரு எனக்குப் போன் பண்ணதே இல்லையேம்மா."

"ஒண்ணுமில்லத்தா. ஆடிக் காத்துல கண்ணுல தூசி விழுந்திருக்கும்" என்று சொல்லி வைத்தாள்.

சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரம், கட்டிலில் கிடந்த அவனுடைய போனை எடுத்தாள். திங்கட்கிழமையே அவள்தான் அதில் 'தேனி ஆஸ்பத்திரி' என்று நம்பரைப் பதிந்து வைத்தாள். வந்த அழைப்புகளில் அந்தப் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்து, முப்பத்தெட்டு விநாடி. முப்பத்தெட்டு விநாடியில் நல்ல செய்தியும் சொல்லலாம், கெட்ட செய்தியும் சொல்லலாம். அவன் பாத்திரம் தேய்த்ததை வைத்துப் பார்த்தால் எதுவென்று கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் கேட்டாள். அவன் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் போனை நீட்டி, "என்ன சொன்னாக?" என்றாள்.

விஜயபாண்டி துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. துண்டுக்குள்ளிருந்துதான் பேசினான்.

"அந்த நர்ஸ் பொண்ணுதான் பேசுச்சு. ரிப்போர்ட் வந்திருச்சாம். குழப்பம் ஒண்ணும் இல்லான்னுச்சு. திங்கக்கிழமை கூட்டிட்டு வரணும், நீங்களும் கூட வரணும், கட்டாயம்னுச்சு. வச்சிருச்சு."

குழப்பம் தீர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். தீர்ந்துவிட்டது. புருஷன் கட்டாயம் வர வேண்டும் என்றால் எதற்கு என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்கும் அப்படித்தான், அத்தானை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள்.

"திருப்பி ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க" என்றாள். அவன் போட்டுப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஞாயிறு கிடையாது.

அவள் அழுவாள் என்று அவன் நினைத்திருப்பான். அவள் எழுந்து போய் அந்த நுரை காய்ந்த சட்டியை எடுத்துத் திரும்பத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அவளைப் பைக்கில் வைத்து வீரபாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனான். சித்திரைத் திருவிழாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறானே தவிர, பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போனதில்லை. தேனி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை, நடுவில் வயலும் தென்னையுமாக விரிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரலும் விழுந்தது. நாகஜோதிக்குத் தான் வண்டியில் போகிற மாதிரியே இல்லை. தான் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, ரோடும் மரமும் வயலும் ஒவ்வொன்றாகத் தன்னைத் தேடி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. யாரோ ஒரு பெண் வரப்பில் நின்று கையைத் தூக்கினாள். பஸ்ஸை நிறுத்தத்தான் தூக்கியிருப்பாள். நாகஜோதி பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

பயம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தாள். இல்லை. தெரியாமல் தவித்த நாலு நாளைவிட, தெரிந்துவிட்ட இந்த ஒரு நாள் லேசாக இருந்தது. துக்கம் இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் அது அசையாமல் ஓரிடத்தில் இருந்தது, பயம் மாதிரி வீடெல்லாம் ஓடவில்லை.

கௌமாரியம்மன் முன்னால் போய் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. குழப்பம்தான் தீர்ந்துவிட்டதே, இனிக் கேட்டு என்ன? கடைசியில், 'தாயே, இந்த மனுசனுக்குச் சோறு வடிக்கவாவது வரணும். பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறப்ப நாலு வார்த்தை வாயத் தெறக்கணும்' என்று கும்பிட்டாள். பூசாரி திருநீற்றோடு ஒரு எலுமிச்சம்பழத்தையும் அவள் கையில் வைத்தார். தூக்கி எறியவா முடியும்? முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முல்லையாற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. படியில் உட்கார்ந்து காலை விட்டாள். தண்ணீர் மலையிலிருந்து வருகிற குளிர்ச்சியோடு கணுக்காலைச் சுற்றி இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டாள். கண்ணை மூடினால் பச்சை வலை, பச்சை வெளிச்சம், வரிசை வரிசையாகப் பை கவிழ்த்த கன்றுகள். ஒவ்வொரு பைக்குள்ளும் அவளுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு ஆவிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றில் அக்கா. ஒன்றில் சுபாஸ்ரீ, பள்ளிக்கூடச் சீருடையில். யாருடைய பையையும் அவள் தூக்கிப் பார்க்கவில்லை.

"ஜோதி" என்று கூப்பிட்டான் விஜயபாண்டி. வளையல் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். "பச்சையா, செவப்பா?"

காலையிலிருந்து இது பதினோராவது ஜோதி. அவள் எண்ணிக்கொண்டுதான் வந்தாள். இந்தப் பெயரைக் கேட்பதற்கு ஒருத்திக்கு வயிற்றில் கட்டி வர வேண்டியிருக்கிறதே என்று கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் கலந்து கண்ணில் தண்ணீராக நின்றது.

"செவப்பு" என்றாள்.

திங்கட்கிழமை காலை, தேனிக்குக் கிளம்பும் முன்னால் பண்ணைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவன் மறுபேச்சு பேசவில்லை. இதுவும் புதுசுதான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அவன் அங்கேயே நின்றான். அவள் வலைக்குள் போய், முதல் வரிசையில் மண் நிரப்பிக்கொண்டிருந்த ரீட்டாவைத் தேடிப் பிடித்தாள்.

"ரீட்டா, இந்தச் செவப்பு நூல் சுத்துன பத்தும் நான் வச்சது. இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கு. யாரையும் பையத் தூக்க விட்றாத. தண்ணி அளவாத் தெளி. அப்புறம் என் கத்தி. அத நீயே வச்சுக்க."

ரீட்டா மண்ணைக் கீழே கொட்டினாள். "ஏன்டி, நீ எங்க போற, கைலாசத்துக்கா?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஒரு வாரத்து அழுகை மொத்தமும் அங்கே வந்தது. அக்காவுக்கு வந்த மாதிரியே தனக்கும் வந்துவிட்டதென்றும், வெள்ளிக்கிழமையே போன் வந்ததென்றும், நர்ஸ் சொன்னதென்றும் விட்டு விட்டுச் சொன்னாள்.

"நர்ஸு என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"குழப்பம் ஒண்ணும் இல்லான்னுச்சாம். ரெண்டு பேரும் வாங்கன்னுச்சாம்."

ரீட்டாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. வாசலைப் பார்த்து, "அண்ணே, இங்கன வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். விஜயபாண்டி பயந்துகொண்டு வந்தான். "அந்தப் பொண்ணு 'இல்ல'ன்னுச்சா, 'இல்லா'ன்னுச்சா?"

"என்னம்மா, ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணு இல்லண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் கண்ணை மூடி யோசித்தான். "இல்லா... இழுத்துத்தான் சொல்லுச்சு. மொதல்ல சேட்டான்னு கூப்புட்டுச்சு. எனக்கு யார்றா சேட்டுன்னு ஆகிப்போச்சு."

"அந்தப் பொண்ணு நெத்தியில சந்தனம் வச்சிருக்கும். ஊரு கேரளத்துக் கட்டப்பனைன்னு சொல்லுச்சு" என்றாள் நாகஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ரீட்டா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். மண் முடியெல்லாம் அப்பியது. "அடக் கூறுகெட்ட மனுசா! அடியே கூறுகெட்டவளே! மலையாளத்துக்காரவுக குழப்பமில்லான்னா ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னு அர்த்தம்! பன்னண்டு வருசம் ஏலக்காட்டுல நான் கேட்ட பேச்சு. காச்சல் எப்படி இருக்கு? குழப்பமில்லா. சோறு எப்படி இருக்கு? குழப்பமில்லா. மாமியா எப்படி இருக்கா? அதுக்கும் குழப்பமில்லாம்பாக! ரெண்டு நாளா இதுக்கா செத்துச் சுண்ணாம்பாப் போனீக?"

விஜயபாண்டி அப்படியே கன்றுகளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று ரீட்டா குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லவேளை, மண்கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாகஜோதி சிரிக்கவில்லை. "நெசமாவாடி?" என்றாள்.

"என் யேசு மேல சத்தியமா."

"அப்ப இவுகள எதுக்கு வரச் சொன்னாக?"

ரீட்டா முடியில் அப்பிய மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியின் வழியாகத்தான் பயம் திரும்ப உள்ளே வந்தது. முந்தின நாள் ஆற்றங்கரையில் இல்லாத பயம், மறுபடியும் பிழைத்துவிடலாம் என்று ஆசை வந்ததுமே எங்கிருந்தோ ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டது. பெரியகுளத்திலிருந்து தேனி பதினாறு கிலோமீட்டர். அந்த வாரம் முழுக்க அவள் பட்டதெல்லாம் ஒரு பக்கம், அந்தப் பதினாறு கிலோமீட்டர் ஒரு பக்கம். முந்தானை முடிச்சில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடித்த பிடியில் அது கசிந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்கவில்லை. "உக்காருங்க. சாதாரண நீர்க்கட்டிதான்மா, பயப்பட ஒண்ணுமே இல்ல. மதுரையிலயும் படத்தப் பாத்துட்டாங்க, ரத்தமும் சரியா இருக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாப்போம், பெரும்பாலும் தானாவே வத்திரும். ஆனா அதுவரைக்கும் கனம் தூக்கக் கூடாது. சினைப்பை முறுக்கிக்கிச்சுன்னா ஆபத்து. மண்கூடை தூக்காதீங்கன்னு போன வாரமே சொன்னேன், நீங்க தலைய ஆட்டுன ஆட்டுல தெரிஞ்சது, கேக்க மாட்டீங்கன்னு. அதான் உங்க வீட்டுக்காரரையும் வரச் சொன்னேன். சார், இவங்க எதையும் தூக்காமப் பாத்துக்கிறது உங்க பொறுப்பு. திடீர்னு வலி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்றான் விஜயபாண்டி. இன்னொரு தடவை "சரிங்க" என்றான்.

வெளியே வரும்போது சந்தனக் கீற்றுக்காரப் பெண் சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல சேட்டா, குழப்பம் ஒண்ணும் இல்லான்னு."

அவன் வாயைத் திறந்தான். இரண்டு நாளாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்தது என்னவெல்லாமோ வரப்போகிறது என்று நாகஜோதி அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் கும்பிட்டான். "சொன்ன தாயி. நீ சொன்ன. நமக்குத்தான் தமிழ்க் காது."

வராந்தாவில் கொஞ்ச நேரம் நாகஜோதி தனியாக நின்றாள். வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவளிடம், 'மூணு மாசம் தவணை. சத்தம் போடாம இருந்துட்டு, வந்த வழியே போயிரணும்' என்றாள். முந்தானையை அவிழ்த்துப் பார்த்தாள். நசுங்கிய பழம் நல்ல வாசனையாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

வேப்பமரத்தடியில் விஜயபாண்டி வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். பக்கத்தில் எவனோ வண்டியைக் குறுக்கே விட்டதற்கு அவனை முறைத்தான். வெயிலை முறைத்தான். ஆள் பழைய ஆளாகிவிட்டான், பார்த்தாலே தெரிந்தது.

"ஏய், ஏறு" என்றான். "மணி பன்னண்டாச்சு. தேவதானப்பட்டியில லோடு கெடக்கு."

நாகஜோதி ஏறவில்லை.

"ஏய், காது கேக்கலையா?"

அவள் சிவப்பு வளையலைச் சுற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் மலை மேலே மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மண்கூடையத் தூக்காதன்னுதான சொன்னாக? வண்டில ஏறாதன்னா சொன்னாக?"

அவள் திரும்பவே இல்லை. விஜயபாண்டி என்ஜினை அணைத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். டீக்கடைக்காரர் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஜோதி."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.